ரோசியின் பால் உறையவில்லை

முதலில் குளிரைத்தான் சொன்னேன்.
தை மாதத்து லிந்துலையில்
எது கெட்டாலும் குளிர்தான் முதல் குற்றவாளி.
போத்தலில் தேங்காயெண்ணெய் உறைந்திருந்தது,
ராத்திரி மிஞ்சிய பருப்பு உறைந்திருந்தது,
சட்டியில் பால் மட்டும்
சாயங்காலம் ஊற்றியபடியே தளும்பியது.

மறுநாள் கம்பளியில் சுற்றி
அடுப்புச் சாம்பலோரம் உட்கார வைத்தேன்,
காய்ச்சல்காரப் பிள்ளையைப் போல.
விடிந்து திறந்தால்
மேலே ஒரு கம்பளி மயிர்,
கீழே அதே பால்.

அப்புறம் பழி உறைமோருக்கு.
அது பக்கத்துக் காம்பரா ரஞ்சிதமலர் தந்தது.
தண்ணிப் பைப்பு முறை விஷயத்தில்
அவளுக்கும் எனக்கும் ஒரு மாசமாய்ப் பேச்சு அரைவாசி.
முகம் கொடுக்காதவள் கொடுத்த உறை பிடிக்காது என்று
நானே ஒரு சாஸ்திரம் எழுதி
தலவாக்கலைக்கு பஸ் ஏறினேன்.
தேதி பார்த்து வாங்கிய யோகட்
இரண்டு கரண்டி, கட்டியில்லாமல் அடித்து,
பத்து எண்ணும்வரை சுண்டுவிரல் பொறுக்கும் சூட்டில்.
ஒரு பிழையும் இல்லை.
திரிந்தது, கெட்டது என்றுகூடச் சொல்ல முடியாது;
பால்தான்.

அவருக்கு நைட் ஷிப்ட்.
சட்டியைத் துவாயில் கட்டி பாக்டரிக்கு எடுத்துப்போனார்,
டீ மேக்கருக்குத் தெரியாமல்
கொழுந்து காயும் மெசினுக்குப் பின்னால் வைக்க.
காலையில் திரும்பி வந்தது
தேயிலை வாசம் ஏறிய பால்.
"சீனி போட்டா குடிச்சிரலாம்" என்றார்.
நான் சிரிக்கவில்லை.
மாட்டுக் கடன் தவணை இருபதாம் தேதி;
பாலாய்க் கொடுத்தால் ஒரு விலை, தயிராய்க் கொடுத்தால் இரண்டு
என்ற கணக்கில் வாங்கிய சட்டி அது.

ரஞ்சிதமலர்தான் சொன்னாள்,
பைப்படியில், தன் வாளியைப் பார்த்தபடி:
"ஒரு கிளாசுல பால்மா கரைச்சு அதையும் வையேன்.
ஒரே உறை, ஒரே எடம்."

பால்மா உறைந்தது.
கரண்டி இறங்கிய வெட்டு அப்படியே நின்றது.
பக்கத்துக் கிளாசைச் சாய்த்தேன்,
ரோசியின் பால் விளிம்புவரை ஓடி வந்தது.

ஆக, குளிர் இல்லை, உறை இல்லை, சட்டி இல்லை.
மிச்சம் ரோசி.
அவளுடைய இடது பின்காம்பு,
அது வீங்கிச் சிவந்த அன்று வந்த மிருக வைத்தியர்,
மூன்று நாள் ஊசி,
பைக்கை ஸ்டார்ட் பண்ணிக்கொண்டே அவர் சொன்னது:
கடைசி ஊசிக்குப் பிறகும் நாலு நாள்
"கிரி தென்ன எபா."
கிரி தெரியும். எபா தெரியும்.
கன்றுக்குக் கொடுக்காதே என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.
அந்தக் காம்பை விட்டு மற்ற மூன்றையும் கறந்தேன்.
அப்படி எடுத்துக்கொள்ளத்தான் அன்றைக்கு வசதி.

பாலைத் தயிராக்க இறங்கிய கிருமிகளை
ஐந்து ராத்திரியும் மருந்து கொன்றிருக்கிறது.
நான் சட்டிக்கு இடம் மாற்றிக்கொண்டிருந்தேன்.

ஆனால் சட்டிக்குப் போனது மாலைப் பால்.
காலைப் பால்?
ஐந்து காலையும் கேனில் ஏறி
பால் நிலையத்துக்குப் போனது.
மானி மிதந்து சரி என்றது;
அதற்குத் தண்ணீரைத் தெரியும், ஊசியைத் தெரியாது.
என் சட்டி மட்டும் தினமும்
இல்லை, இல்லை என்றிருக்கிறது.

போய்ச் சொன்னேன்.
கிளார்க் அல்போன்ஸ் புத்தகத்தில் விரலை வைத்தபடி
"எத்தனை லீட்டர்?"
"இருபத்திரண்டு."
லொறி போன பாதையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.
"சொல்லாம இருந்திருக்கலாமே" என்றார்.
பிறகு சிவப்புப் பேனாவைத் தேடினார்.

மூன்று நாள் கறந்து கானில் ஊற்றினேன்.
வெள்ளையாய் ஓடுவதைப் பார்க்க
லயத்துப் பிள்ளைகள் வரிசையாய் நின்றார்கள்.

ஒன்பதாம் நாள் விடிய
மூடியைத் திறக்காமலே சட்டியைச் சாய்த்தேன்.
சத்தம் வரவில்லை.
ஓரத்தில் தண்ணி விட்டிருந்தது, புளிப்பு ஒரு பிடி கூட.
முதல் கிண்ணம் பக்கத்துக் காம்பராவுக்கு.
வாங்கினாள், முகர்ந்தாள்,
"சூடு கூடிப்போச்சு" என்றாள்.
பைப்பு முறைப் பேச்சை
இருவருமே எடுக்கவில்லை.